இலத்திரன் இறங்கினால் புரோத்தன் ஏன் ஏற வேண்டும்?

வன்னிமயில் (ஒட்டுசுட்டான்)

வணக்கம். நான் இம்முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் உயிரியல் பிரிவு மாணவி. கலச்சுவாசத்தில் ஓர் இடத்தைத் தாண்ட முடியாமல் மூன்று வாரமாக நிற்கிறேன். மனனம் செய்ய வேண்டியதை மனனம் செய்துவிட்டேன்: உணவிலிருந்து இலத்திரனைக் கொண்டுவரும் காவியான என்.ஏ.டி.எச். தரும் ஓர் இலத்திரன் சோடி முதலாம் சிக்கலை, அதாவது இலத்திரனைக் கடத்தும் நான்கு புரதத் தொகுதிகளில் முதலாவதைக் கடக்கையில் 4 புரோத்தன், மூன்றாம் சிக்கலில் 4, நான்காம் சிக்கலில் 2, ஆக மொத்தம் 10. இரண்டாம் சிக்கலில் ஒன்றுமில்லை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விளங்கித்தான் சொல்கிறேனா என்று கேட்டால் இல்லை.

எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குளத்தைக் கீறினார். அணைக்கட்டு என்பது இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியாவின்) உள் மென்சவ்வு. குளத்து நீர் என்பது மென்சவ்விடை வெளியில் சேரும் புரோத்தன்கள். துருசு (மதகு) என்பது ஏ.ரி.பி. என்ற கலச் சக்தி நாணயத்தைத் தொகுக்கும் நொதியம், அதன் கீழே விளைவது ஏ.ரி.பி. முத்தையன்கட்டு வலதுகரை வாய்க்காலில் எங்களுக்குத் தண்ணீர் முறை வரும் நாட்களில் அப்பப்பாவோடு வரம்பில் நடந்து திரிந்தவள் நான்; துருசு திறந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. எனக்கு விளங்காதது குளம் நிரம்புகிற பக்கம். எங்கள் குளத்தை மாரி மழை நிரப்புகிறது. இந்தக் குளத்தை நிரப்புவது யார்?

இலத்திரன்கள் கடத்தப்படும்போது வெளிப்படும் சக்தியைப் பயன்படுத்திப் புரோத்தன்கள் பம்பப்படுகின்றன என்றே எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. அந்தப் "பயன்படுத்தி" என்ற சொல்லில்தான் என் வண்டி புதைந்து நிற்கிறது. சக்தி வெப்பமாக வெளியே வந்து, பிறகு புரோத்தனைத் தள்ளுகிறதா? அல்லது என்.ஏ.டி.எச். கொண்டுவரும் ஐதரசனே இரண்டாகப் பிரிந்து, இலத்திரன் சங்கிலி வழியாகவும் புரோத்தன் வெளியேயும் போகிறதா? அப்படியென்றால் ஒரு என்.ஏ.டி.எச். மூலக்கூறிலிருந்து 10 புரோத்தன் எப்படி வரும்? இரண்டாம் சிக்கலும் இலத்திரனைக் கடத்துகிறதுதானே, அது மட்டும் ஏன் பம்புவதில்லை?

சிறிய கேள்வி இன்னொன்றும் உண்டு. அண்ணாவின் பழைய கொப்பியில் ஒரு குளுக்கோசுக்கு 38 ஏ.ரி.பி. என்றும் என்னுடைய குறிப்பில் 30 அல்லது 32 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது?

கரும்பலகை (மாங்குளம்)

பிள்ளை, அந்தச் சொல்லில் புதைந்து நிற்பது நல்ல இடத்தில் நிற்பதாகும். முப்பது ஆண்டுக்கு மேலாக உயிரியல் படிப்பித்த நானும் முதற் பத்தாண்டு அந்தச் சொல்லின் மேலால் பாய்ந்து போனவன்தான். சக்தி ஒரு பொருள் அல்ல. அது வெளியே வந்து நின்று, பிறகு இன்னொன்றைத் தள்ளுவதில்லை. வெப்பமாக ஒருமுறை வெளியேறிவிட்டால் அதைப் பிடித்துப் புரோத்தனை ஏற்றக் கலத்திடம் எந்த வழியும் இல்லை. ஆகவே இலத்திரன் இறங்கும் அதே செயலுக்குள்ளேயே புரோத்தன் ஏறும் செயலும் பின்னப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பின்னல் எப்படி என்பதே உமது கேள்வி.

முதலில் உயரத்தை அளந்துகொள்வோம். என்.ஏ.டி.எச். சோடியின் நியமத் தாழ்த்தேற்ற அழுத்தம் (இலத்திரனை இழுக்கும் ஆவலின் அளவு) −0.32 வோல்ற்று, ஒட்சிசன் நீராகும் சோடியினது +0.82 வோல்ற்று. இடைவெளி 1.14 வோல்ற்று. இரண்டு இலத்திரன் அந்த உயரத்திலிருந்து இறங்கினால் மூலுக்கு ஏறத்தாழ 220 கிலோயூல் கிடைக்கிறது. மறுபக்கத்தில், ஒரு புரோத்தனைத் தாயத்திலிருந்து, அதாவது இழைமணியின் உட்புறத்திலிருந்து, வெளியே ஏற்ற வேண்டிய உயரம், மென்சவ்வின் மின்னழுத்த வேறுபாட்டையும் பீ.எச். வேறுபாட்டையும் சேர்த்து, ஏறத்தாழ 0.2 வோல்ற்று, மூலுக்கு 19 கிலோயூல் அளவில் வரும். 10 புரோத்தனுக்கு 190. வரவு 220, செலவு 190. இது எத்துணை இறுக்கமான கணக்கு என்பதைக் கவனியும். எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு இறக்கும் எந்த நீரிறைக்கும் இயந்திரமும் இந்தச் சிக்கனத்துக்குக் கிட்டவும் வராது.

இரண்டாம் சிக்கலுக்கான விடை இந்த அளவிலேயே வந்துவிடுகிறது. அங்கே இலத்திரனைத் தரும் சக்சினேற்றின் அழுத்தம் +0.03 வோல்ற்று, அதன் இலத்திரனை வாங்கும் யூபிக்குயினோனுடையது +0.045 வோல்ற்று அளவு. அங்கே இறக்கமே இல்லை, வெறும் சமதரை. ஒரு புரோத்தனைக்கூட 0.2 வோல்ற்று உயர்த்த அதனால் இயலாது. பம்பும் உறுப்பை இயற்கை அங்கே வைக்க மறந்துவிடவில்லை. வைத்திருந்தாலும் பலன் இருந்திராது.

இனிப் பின்னலுக்கு வருவோம். மூன்று சிக்கல்களும் ஒரே முறையில் பம்புவதாகவே பாடப்படங்கள் காட்டும். மூன்று அம்புக்குறிகளும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் மூன்றும் மூன்று விதம்.

மூன்றாம் சிக்கலில் தொடங்குவது எளிது, ஏனென்றால் அங்கே சொல்லின் சரியான பொருளில் பம்பியே இல்லை. யூபிக்குயினோன் ஒரு சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறு. அது இரண்டு இலத்திரனை வாங்கினால் எதிரேற்றம் பெறும். ஏற்றத்தோடு கொழுப்புப் படலத்துக்குள் உலவ முடியாது. ஆகவே அது இரண்டு புரோத்தனையும் சேர்த்து வாங்கி நடுநிலையாகிறது. இலத்திரன் ஏறினால் புரோத்தனும் கூட ஏறும், இலத்திரன் இறங்கினால் புரோத்தனும் இறங்கியாக வேண்டும். இது வேதியியலின் கட்டாயம். இதற்கென்று தனிச் சக்தி தேவையில்லை. இப்போது கலம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஏறும் துறையைத் தாயத்தின் பக்கமும் இறங்கும் துறையை வெளிப்பக்கமும் வைக்க வேண்டும். மூன்றாம் சிக்கல் அதைத்தான் செய்கிறது. தாழ்த்தப்பட்ட குயினோன் வெளிப்பக்கத் துறையில் தன் இரண்டு புரோத்தனையும் இறக்குகிறது. ஆனால் அதன் இரண்டு இலத்திரனும் ஒரே வழியில் போவதில்லை. ஒன்று இரும்பு–கந்தகக் கொத்துக்குப் போய், அந்தக் கொத்தைத் தாங்கும் புரதத் தலை ஏறத்தாழ 2 நனோமீற்றர் திரும்பி, சைற்றோகுரோம் சி1 ஊடாக, நான்காம் சிக்கலுக்கு இலத்திரனைக் கொண்டுபோகும் சிறு புரதமான சைற்றோகுரோம் சியிடம் ஒப்படைக்கப்படுகிறது. மற்றையது மென்சவ்வின் குறுக்கே இரண்டு ஹீம்களை (நடுவில் இரும்பு கொண்ட வளையங்களை) தாண்டி உட்பக்கத் துறைக்குத் திரும்பிச் சென்று, அங்கே காத்திருக்கும் இன்னொரு குயினோனைப் பாதி தாழ்த்துகிறது. இரண்டாவது குயினோன் வெளித்துறைக்கு வந்து இதே காரியம் நடக்கும்போது, உள்ளே பாதியில் நின்றது முழுமையடைந்து, தாயத்திலிருந்து இரண்டு புரோத்தனை எடுத்துக்கொள்கிறது. இதுவே கியூ வட்டம். வெளியே 4 புரோத்தன், உள்ளிருந்து எடுக்கப்பட்டது 2, சைற்றோகுரோம் சிக்குப் போன இலத்திரன் 2. ஒரு தாளில் இரண்டு சுற்றுக்கும் கீறிப் பார்க்காமல் இது யாருக்கும் விளங்காது. கீறிப் பார்த்தால் மறக்கவும் மறக்காது.

நான்காம் சிக்கல் உண்மையான பம்பி. இங்கே புரோத்தனைக் கையில் தூக்கிச் செல்லும் காவி எதுவும் இல்லை. வேலை நடப்பது ஒரு ஹீமின் இரும்பும் ஒரு செம்பு அணுவும் எதிரெதிரே நிற்கும் மிகச் சிறிய இடைவெளியில். ஒட்சிசன் மூலக்கூறு அந்த இடைவெளியில்தான் பிணைந்து நிற்கும். ஓர் இலத்திரன் அங்கே வர முனைகிறது என்று வையும். கொழுப்புப் படலத்தின் நடுவில் ஒரு எதிரேற்றம் தனியே நிற்பது பெருஞ்செலவு. அது ஒரு நேரேற்றத்தை இழுக்கும். தாயப் பக்கத்திலிருந்து ஒரு புரோத்தன் புரதத்துக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளின் வரிசை வழியாக ஏறி வந்து, அந்த இடைவெளிக்குச் சற்று மேலே ஓர் இருக்கையில் அமர்கிறது. அடுத்து இன்னொரு புரோத்தன் வந்து இடைவெளிக்குள்ளேயே புகுந்து, ஒட்சிசனோடு சேர்ந்து நீராகும் வேலையில் செலவாகிறது. இந்த இரண்டாவது வந்ததும் இலத்திரனின் எதிரேற்றம் ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. மேலே இருப்பவரைப் பிடித்து வைத்திருந்த இழுப்பு இல்லாமற் போய், தள்ளுகை மிஞ்சுகிறது. வந்த வழிக் கதவு இதற்குள் சாத்தப்பட்டுவிட்டதால், அவர் வெளிப்பக்கம் போக மட்டுமே வழி உண்டு. பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. ஆகத் தள்ளுவது "சக்தி" அன்று. ஒரு புரோத்தனை இன்னொரு புரோத்தன் தள்ளுகிறது, இரண்டையும் கூப்பிட்டது ஓர் இலத்திரன். ஒரே நேரத்தில் இரு பக்கக் கதவும் திறவாமல் இருப்பதே பம்பியின் உயிர்.

முதலாம் சிக்கல் பெயருக்கேற்பச் சிக்கலானது. பாலூட்டிகளில் 45 புரத அலகுகள் கொண்டது. முழங்கையில் மடித்த கையைப் போன்ற அமைப்பு. ஒரு பாதி தாயத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மறு பாதி மென்சவ்வுக்குள் கிடக்கும். இலத்திரன் தாயத்துப் பாதியில் மட்டும், ஏழு இரும்பு–கந்தகக் கொத்துகளைப் படியாக மிதித்து இறங்கி, முழங்கையில் குயினோனைச் சேர்கிறது. புரோத்தன் போவதோ மென்சவ்வுப் பாதியின் வழியே. அங்கே கடைசிப் பாதை இலத்திரன் நின்ற இடத்திலிருந்து 10 நனோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. இரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை. குயினோன் தாழ்த்தப்படுகையில் முழங்கையில் உண்டாகும் ஏற்ற மாற்றமும் வடிவ மாற்றமும், மென்சவ்வுப் பாதியின் நடுவே வரிசையாக நிற்கும் ஏற்றமுள்ள அமினோ அமிலங்களின் வழியே ஒன்றையொன்று தட்டிக்கொண்டு போவதாகக் கருதப்படுகிறது; தட்டும் ஒழுங்கைப் பற்றி ஆய்வாளரிடையே வழக்கு இன்னும் முடியவில்லை.

இன்னொன்று. உமது 4, 4, 2 என்ற பட்டியலை, மென்சவ்வைக் குறுக்கே கடக்கும் மின்னேற்றங்களின் எண்ணிக்கையாக மாற்றினால் 4, 2, 4 என்று வரும். மூன்றாம் சிக்கல் 4 புரோத்தனை வெளியே விட்டாலும் உள்ளிருந்து எடுப்பது 2 மட்டும். நான்காம் சிக்கலிலோ பம்பப்படும் 2 நீங்கலாக, வெளியிலிருந்து உள்நோக்கி வரும் 2 இலத்திரன்கள் தாயத்திலிருந்து வரும் 2 புரோத்தன்களை நடுவழியில் சந்திக்கின்றன. அதுவும் இரண்டு ஏற்றம் கடந்ததற்குச் சமம். இறக்கங்களை அளந்தால் முதலாம் சிக்கலில் 0.36 வோல்ற்று, மூன்றாவதில் 0.2, நான்காவதில் 0.57. பெரிய இறக்கத்தில் அதிக வேலை, சிறிய இறக்கத்தில் குறைந்த வேலை. இதைக் கண்டுகொண்ட அன்று நான் பின்னேரம் முழுதும் வேறொரு வேலையும் செய்யவில்லை.

துருசுக்காரன் (கிளிநொச்சி)

நான் உயிரியல் படித்தவனல்லன். நீர்ப்பாசன வேலையில் ஆயுளைக் கழித்தவன். மாஸ்ரர் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். குளத்தை உவமையாக்கியவருக்கு என் நன்றி, ஆனால் அந்த உவமை எந்த இடத்தில் உடைகிறது என்பதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

குளத்துக்குக் கொள்ளளவு என்று ஒன்று உண்டு. கனகராயன் ஆறு ஒரு மாரியில் இரணைமடுவுக்குக் கொண்டுவருவதை வைத்துச் சிறுபோகம் செய்கிறோம். மழை நின்று மாதங்கள் போனாலும் துருசில் தண்ணீர் வரும். இழைமணியில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பேத்தியின் நூலை வாங்கிக் கணக்குப் போட்டேன். தாயத்தின் பீ.எச். ஏறத்தாழ 7.8, ஓர் இழைமணித் தாயத்தின் கனவளவை ஒரு கன மைக்கிரோமீற்றர் என்று எடுத்தால், அதற்குள் கட்டற்று நிற்கும் புரோத்தன்கள் ஏறத்தாழ 10 மட்டுமே! கூட்டிப் பெருக்கியதில் பிழை விட்டேனோ என்று மூன்று தரம் சரிபார்த்தேன். நீரிலும் புரதங்களிலும் பிணைந்து நிற்பவை பெருந்தொகையாக இருந்து, எடுக்க எடுக்கக் கொடுத்துக்கொண்டிருப்பதால்தான் காரியம் நடக்கிறது. ஆக இது தண்ணீர் தேங்கிக் கிடக்கும் குளமன்று. ஒரு முனையில் இறைத்துக்கொண்டிருக்க மறு முனையில் பாய்ந்துகொண்டிருக்கும் குழாய். இறைப்பது நின்றால் குழாயில் அழுத்தம் நெடுநேரம் நில்லாது.

அழுத்தமும் வெறும் நீர்மட்ட வேறுபாடு அன்று. பெரும் பகுதி மின்னழுத்தம். 0.17 வோல்ற்று என்றால் ஒரு ரோச் பற்றரியின் பத்தில் ஒரு பங்களவு, அற்பம்தான். ஆனால் மென்சவ்வின் தடிப்பு 5 அல்லது 6 நனோமீற்றர். வகுத்துப் பார்த்தால் மீற்றருக்கு 3 கோடி வோல்ற்று வருகிறது. இடி மின்னலுக்கு வேண்டிய மின்புலத்தை விட இது பெரிது. இதைத் தாங்கிக்கொண்டு நிற்பது ஒரு கொழுப்புப் படலம்.

இன்னொரு இடம். குளம் நிரம்பினால் வான் பாயும். நாங்கள் வான்கதவைத் திறப்போம். குளம் நிரம்பிவிட்டதே என்று பார்த்து மழை நிற்பதில்லை. இங்கே வயலில் வேலையில்லை, அதாவது ஏ.ரி.பி. செலவாகவில்லை என்றால் துருசு தானே ஒடுங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தத்துக்கு எதிராக அடுத்த புரோத்தனைத் தள்ள இயலாமல் பம்பி நிற்கிறது, பம்பி நின்றால் இலத்திரனும் இறங்க மறுக்கிறது, ஒட்சிசன் எடுப்பதும் குறைகிறது. கீழே வயல் காய்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா என்று கேட்டுப் பெய்யும் மழையை நான் இரணைமடுவில் கண்டதில்லை. நான் இதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா, மாஸ்ரர்?

கரும்பலகை (மாங்குளம்)

முற்றிலும் சரி. அதற்குச் சுவாசக் கட்டுப்பாடு என்று பெயர். பிரித்தெடுத்த இழைமணிகளை ஒட்சிசன் அளக்கும் மின்வாயோடு ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு, வேண்டிய உணவைக் கொடுத்தாலும் அவை மெதுவாகவே சுவாசிக்கும். ஏ.ரி.பி.யாக மாற்றப்படும் மூலப்பொருளான ஏ.டி.பி. ஒரு துளி சேர்த்த கணத்தில் கோடு செங்குத்தாகச் சரியும், சேர்த்த ஏ.டி.பி. தீர்ந்ததும் பழையபடி படுக்கும். 1955இல் சான்சு, வில்லியம்சு என்ற ஆய்வாளர்கள் இந்த நிலைகளுக்கு எண்ணிட்டார்கள். இலத்திரன் ஓட்டமும் புரோத்தன் ஏற்றமும் பின்னப்பட்டவை என்பதற்கு இதைவிடக் கண்ணால் காணும் சான்று வேண்டியதில்லை. முதலாம் சிக்கலில் அழுத்தம் மிக ஏறினால் இலத்திரன் திரும்பி மேலே, என்.ஏ.டி. இருக்கும் பக்கத்துக்கே ஓடுவதும் உண்டு.

நுணுக்குக்காட்டி (வவுனியா)

தங்கச்சிக்கு வணக்கம். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். மேலே இருவரும் பின்னலைப் பற்றி எழுதிவிட்டார்கள். பின்னல் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதுகிறேன்; சில வேளைகளில் அறுந்த இடத்தில்தான் நூல் எங்கே ஓடியது என்று தெரியும்.

எங்கள் ஊர்க் குளத்தில் தாமரை நிறைய. சிறு வயதில் கோயிலுக்குப் பூப் பறிக்க விடிய முன்னர் இறங்குவோம். மார்கழிப் பனியில் தண்ணீர் சில்லென்று காலைக் கடிக்கும். அன்றுதான் அவிழத் தொடங்கும் ஒரு பூவின் இதழுக்குள் விரலை விட்டு, நடுவில் இருக்கும் பொகுட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். வண்டு படுத்த சூடு என்று அம்மம்மா சொல்வார். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அது பூவின் சொந்தச் சூடு என்று அறிந்தேன். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் தாவரவியல் பூங்காவில் தாமரையை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டவர்கள், சுற்றியுள்ள காற்று 10 பாகை செல்சியசுக்கு இறங்கிய போதும் பூ தன்னை 30 பாகைக்கு மேல் வைத்திருந்ததைக் காட்டினார்கள்.

அந்தச் சூடு வரும் வழிதான் உங்கள் கேள்விக்கு விடை. தாவர இழைமணிகளில் மாற்று ஒட்சிடேசு என்றொரு நொதியம் உண்டு. அது தாழ்த்தப்பட்ட யூபிக்குயினோனிடமிருந்து இலத்திரனை வாங்கி, மூன்றாம், நான்காம் சிக்கல்களைத் தொடாமலே நேரே ஒட்சிசனுக்குக் கொடுத்துவிடுகிறது. இலத்திரன் அதே உயரத்திலிருந்து அதே ஒட்சிசனிடம்தான் இறங்குகிறது, அதே நீர்தான் உண்டாகிறது. ஆனால் அந்த வழியில் ஒரு புரோத்தன்கூட ஏறுவதில்லை. ஆகவே இறக்கம் மட்டும் இருந்தால் போதாது. இறங்கும் வழியில் கதவுகள் உள்ள புரதம் ஒன்று நிற்க வேண்டும். அது இல்லாத இடத்தில் இறக்கம் முழுவதும் வெப்பமாகிப் பூவின் வாசனையை ஆவியாக்கி வண்டை அழைக்கிறது. "வெப்பமாக வெளியே வந்து பிறகு தள்ளுகிறதா" என்று கேட்டீர்களே, வெப்பமாக வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தாமரைப் பொகுட்டில் விரல் வைத்துப் பார்க்கலாம்.

மறுபக்க அறுப்பும் உண்டு. டைநைத்திரோபீனோல் என்ற சேர்வை கொழுப்பில் கரைந்து, வெளியே புரோத்தனைப் பிடித்து, மென்சவ்வு வழியாக உள்ளே வந்து விட்டுவிட்டுத் திரும்பும். பம்பிகள் ஒழுங்காகவே இயங்கும். துருசுக்காரன் ஐயாவின் சொல்லில் சொன்னால், அணையில் ஆயிரம் நண்டுவளை. அழுத்தம் நில்லாததால் இலத்திரன் ஓட்டம் கட்டறுத்துக்கொண்டு விரையும், ஏ.ரி.பி. உண்டாகாது, உடல் கொதிக்கும். 1930களில் அமெரிக்காவில் மெலிவதற்கென்று இதை விழுங்கியவர்களுக்குக் காய்ச்சலும் பார்வைக் கேடும் வந்தன, சிலர் இறந்தார்கள். 1938இல் அங்கே அதைக் கைவிட்டார்கள். பிறந்த குழந்தையின் கபிலக் கொழுப்பு இதே கசிவை ஒரு புரதத்தின் மூலம் அளவாகச் செய்து குழந்தையைக் குளிரிலிருந்து காக்கிறது.

சயனைட்டு மூன்றாவது விதம்: அது நான்காம் சிக்கலின் ஹீம் இரும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கடைசிப் படி அடைபட்டால் மேலே உள்ள படிகள் அனைத்திலும் இலத்திரன் தேங்கி, முதலாம், மூன்றாம் சிக்கல்களும் நின்றுவிடும். எங்கள் தோட்டங்களில் நிற்கும் மரவள்ளியின் கிழங்கில் சயனைட்டைத் தரக்கூடிய சேர்வை ஒரு புறமும் அதை உடைக்கும் நொதியம் மறு புறமும் இருக்கின்றன. வெட்டி நசுக்கும்போது இரண்டும் சந்திக்கின்றன. மூடாமல் அவிக்க வேண்டும் என்று வீடுகளில் சொல்வது அதனால்தான், அந்த வாயு பறந்துவிடும். மரவள்ளி தின்ற அன்று இஞ்சி கூடாது என்ற கட்டுப்பாடும் எங்கள் வீட்டில் இருந்தது. நஞ்சு கிழங்கிலேயே இருக்க, பழி இஞ்சிக்குப் போனது. சயனைட்டு மாற்று ஒட்சிடேசைத் தொடுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாமரையின் அந்தச் சூட்டு வழியை இந்த நஞ்சு அடைக்காது.

வன்னிமயில் (ஒட்டுசுட்டான்)

மூவருக்கும் நன்றி. கியூ வட்டத்தை இரண்டு சுற்றும் கீறிப் பார்த்தேன். முதற் சுற்று முடிந்ததும் உள்ளே பாதியில் நிற்கும் குயினோனைக் கண்டபோதுதான் ஏன் இரண்டு சுற்று என்று விளங்கியது. விளங்கியதை என் சொல்லில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

இலத்திரனைத் தனியே வாங்கும் காவிகளும் இருக்கின்றன, புரோத்தனோடு சேர்த்து வாங்கும் காவிகளும் இருக்கின்றன. இரண்டும் மென்சவ்வில் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், சேர்த்து வாங்கும் காவி தாயத்தில் புரோத்தனை ஏற்றிக்கொண்டு வந்து, தனியே வாங்கும் காவியிடம் இலத்திரனைக் கொடுக்கும்போது புரோத்தனை வெளியே விடுகிறது. இதுவே எல்லாச் சிக்கல்களிலும் புரோத்தன் ஏறுவதற்கான காரணம். சரியா ஐயா?

கரும்பலகை (மாங்குளம்)

பிழை, பிள்ளை. ஆனால் இந்தப் பிழையை உமக்கு முன் விட்டவர் நோபல் பரிசு பெற்றவர்.

பீற்றர் மிற்செல் 1961இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது, இலத்திரன் ஓட்டத்துக்கும் ஏ.ரி.பி.க்கும் இடையில் ஏதோவொரு உயர்சக்தி வேதிச் சேர்வை இருக்க வேண்டும் என்று ஆய்வுகூடங்கள் எல்லாம் அதைத் தேடி அலைந்துகொண்டிருந்தன. அப்படி ஒன்றுமில்லை, இருப்பது மென்சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோத்தன் வேறுபாடு மட்டும் என்றார் அவர். கோர்ன்வோலில் பழைய மாளிகை ஒன்றைத் திருத்தி, ஜெனிஃபர் மொயிலோடு சேர்ந்து அங்கேயே ஆய்வுகூடம் வைத்து வேலை செய்தார். 1966இல் ஜாகண்டோர்ஃபும் உரிபேயும் பச்சையவுருவத் தகடுகளை முதலில் அமிலக் கரைசலிலும் பிறகு காரக் கரைசலிலும் இருட்டில் இட்டபோது, வெளிச்சமும் இலத்திரன் ஓட்டமும் இல்லாமலே ஏ.ரி.பி. பிறந்தது. 1978இல் மிற்செலுக்குப் பரிசு கிடைத்தது.

புரோத்தன் எப்படி ஏறுகிறது என்பதற்கு மிற்செல் தந்த விளக்கம் ஏறத்தாழ நீர் எழுதியதுதான்: மாறி மாறி அடுக்கிய காவிகளின் தடம். மூன்றாம் சிக்கலுக்கு அது பொருந்தும். கியூ வட்டமே அவருடையதுதான். ஆனால் நான்காம் சிக்கலில் உள்ள ஹீமும் செம்பும் இலத்திரனை மட்டுமே வாங்கும் காவிகள். தூக்கிச் செல்ல ஐதரசன் காவி அங்கே இல்லை. ஆகவே அது புரோத்தனைப் பம்ப முடியாது என்று மிற்செல் உறுதியாக நின்றார். 1977இல் பின்லாந்தின் மார்ட்டென் விக்ஸ்ட்ரம் அது பம்புகிறது என்று அளந்து காட்டினார். மிற்செல் ஏற்கவில்லை, அளவைகளில் குறை கண்டார், வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1980களின் நடுப்பகுதியில்தான் அவர் தம் பிழையை ஒப்புக்கொண்டார். தம் கோட்பாட்டின் ஒரு பகுதியைத் தாமே கைவிட வேண்டியிருந்தும் அவர் அதைச் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே உமது வாக்கியத்தில் "எல்லாச் சிக்கல்களிலும்" என்பதை எடுத்துவிட்டு "மூன்றாம் சிக்கலில்" என்று போடும். நான்காவதில் புரோத்தனைப் புரோத்தன் தள்ளுகிறது. முதலாவதில் புரதம் தூரத்திலிருந்து தட்டுகிறது.

ஏ.ரி.பி. எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர், அதில் அதிகம் மினக்கெட வேண்டாம். ஒரு ஏ.ரி.பி. உண்டாகிக் கலவுருவுக்கு வெளியேறுவது வரை ஏறத்தாழ 4 புரோத்தன் செலவாகிறது. 10 புரோத்தனுக்கு 2.5, சக்சினேற்று வழியில் வரும் 6 புரோத்தனுக்கு 1.5. பழைய நூல்கள் இவற்றை 3, 2 என்று முழு எண்ணாக்கிக் கூட்டியதால் 38 வந்தது. இப்போது 30 அல்லது 32. இழைமணிக்கு வெளியே குளுக்கோசு உடைக்கப்படும் கிளைக்கோபகுப்பில் உண்டாகும் என்.ஏ.டி.எச்.இன் இலத்திரன் எந்தக் காவி வழியாக இழைமணிக்குள் போகிறது என்பதால் இரண்டு குறையும் அல்லது கூடும். அண்ணாவின் கொப்பியைத் திருத்திவிடும்.

நாளைக்கு அந்தக் குளப்படத்தை ஆசிரியரிடம் காட்டுமுன், மூன்று சிக்கல்களின் அம்புகளையும் மூன்று நிறத்தில் கீறும். இரண்டாம் சிக்கலுக்குத் தட்டையாக ஒரு கோடு போதும்.